மாடி அறையில் இரண்டு மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நாய் அழகுதான். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. ராஜபாளையத்துக்காரர் கேட்கும் விலையும் அந்த அழகுக்குத்தான். ஆனால் ஒரு கடுவனை வீட்டுக்குள் கொண்டுவருகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் அந்த வீடியோவில் இல்லை. உன் இளைய பெட்டை சின்னவள் அடுத்த மாசம் ஹீட்டுக்கு வந்துவிடுவாள், அதற்குள் நாய் பெங்களூர் காக்ஸ் டவுன் வந்து சேர வேண்டும் என்று அவசரப்படுகிறாய். அவசரம் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சின்னவளின் இந்த ஹீட் கழியட்டும். அதன் பிறகு நாய் வரட்டும். வந்த நாய் இரண்டு மாதம் உங்கள் மாடி அறையில் தனியாக இருக்கட்டும். மேட்டிங் பேச்சு அதற்கு அப்புறம்.

முதலில், கடுவன் தேவைதானா? வீட்டில் இருக்கும் கடுவன் மணி சின்னவளுக்கு அப்பன். அவனோடு அவளைச் சேர்க்க முடியாது என்று நீயே முடிவு செய்திருக்கிறாய், சந்தோஷம். ஊரில் பல பேர் அதைக்கூட யோசிப்பதில்லை. அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியை எடுத்துக்கொள். அதன் உடம்பில் எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும், அதன் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்தே வந்திருக்க நூற்றுக்கு 25 வாய்ப்பு உண்டு. கூடப் பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தாலும் அதே 25தான். தகப்பன் மட்டும் ஒன்று என்றால் 12.5. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் உறவென்றால் 6.25. இந்தக் கணக்கு ஏற ஏற, ஒற்றைப் பிரதியாக ஒளிந்து கிடந்த குறைகள் ஜோடி சேர்ந்து வெளியே வரும். குட்டிகளின் எண்ணிக்கை குறையும், இருப்பவையும் நோஞ்சானாகும். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளே இந்த நெருங்கிய உறவுச் சேர்க்கையைத் தடை செய்கின்றன. ஆக, வெளி ரத்தம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் வெளி ரத்தத்துக்காக ஒரு நாயையே விலைக்கு வாங்க வேண்டுமா? இந்தக் கடுவனை வாங்கினால் அதன் மகள்களை அதனோடு சேர்க்க முடியாது. மூத்தவளும் சின்னவளும் மட்டும்தான் அதற்கு ஜோடி. ஒரு பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் குட்டி கூடாது, ஆயுளில் ஐந்து தடவைக்கு மேல் கூடாது என்பது விதி. என்னைக் கேட்டால் இரண்டு மூன்றோடு நிறுத்து என்பேன். அப்படியானால் அந்த நாய் உனக்குக் கடுவனாகப் பயன்படப் போவது மூன்று நாலு வருஷம். அதற்குப் பிறகும் ஏழெட்டு வருஷம் உன் வீட்டில் சாப்பிடும், குரைக்கும், உன்னோடு வாக்கிங் வரும். பெட்டையைக் கடுவன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவதுதான் பழைய வழக்கம். தன் இடத்தில் இருக்கும் கடுவனுக்குத் தைரியம் இருக்கும், செலவும் குறைவு. மேட்டிங் காசையோ, பேசியபடி ஒரு குட்டியையோ கொடுத்துவிட்டு வந்துவிடலாம். குட்டிக்காக இல்லாவிட்டாலும் இந்த நாயை நான் வளர்ப்பேன் என்று உன்னால் சொல்ல முடிந்தால் மட்டும் வாங்கு. சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் மேலே எழுதுகிறேன்.

விற்பவரிடம் நாயின் அப்பன், ஆத்தா பெயரை மட்டும் கேட்டால் போதாது. தாத்தா, பாட்டி வரிசையும் வேண்டும். கென்னல் கிளப் தாள் இருந்தால் மூன்று தலைமுறை அதிலேயே இருக்கும். அதை மூத்தவளின் தாளோடு பக்கத்தில் வைத்துப் படி. ஒரே பெயர் இரண்டு தாளிலும் வந்தால் ஆச்சரியப்படாதே. ஷோவில் ஜெயித்த நாய் ஒன்று இருந்தால் சுற்று வட்டாரமே தன் பெட்டையை அதனிடம்தான் கொண்டுபோகும். ஐந்தாறு வருஷத்தில் ஊரில் பாதி நாய்கள் அதன் பேரப் பிள்ளைகளாகிவிடும். 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, முதோல் எல்லாம் வந்தன. பெருமைதான். ஆனால் ஒரு இனத்தை எல்லாரும் தேடத் தொடங்கினால், இருக்கிற கொஞ்ச நாய்களையே திரும்பத் திரும்பச் சேர்க்கும் ஆசையும் கூடவே வரும். சென்னை சைதாப்பேட்டையில் நம் நாட்டு இனங்களைக் காக்க அரசே ஒரு நாய்ப் பண்ணை நடத்தியது. நாய்களை வைத்திருந்த நிலையைப் பற்றிப் புகார் எழுந்து, 2016இல் உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. அரசாங்கத்துக்கே கைவராத வேலையைத்தான் நீ இரண்டு பெட்டையையும் ஒரு மாடி அறையையும் வைத்துக்கொண்டு செய்யப் பார்க்கிறாய். அதனால்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

அடுத்தது காது. ராஜபாளையத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். விற்பவர் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார். பால் வெள்ளைக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் காரணம் நிறம் தரும் செல்கள் தோலில் இல்லாததே. அந்தச் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். அங்கே அவற்றுக்கு நிறம் கொடுக்கிற வேலை இல்லை, காதின் உள் திரவத்தைச் சரியான நிலையில் வைப்பதில் பங்கு உண்டு. அவை இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு ஒரு காதோ இரு காதோ கேட்கவில்லை.

இரண்டு காதும் கேட்காத நாயைக் கண்டுபிடிப்பது சுலபம். அது அயர்ந்து தூங்கும்போது பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டு. காலால் தரையைத் தட்டாதே. அதிர்வு உடம்பில் பட்டு எழுந்துவிடும், கேட்டதாக நீ ஏமாந்துபோவாய். சிக்கல் ஒற்றைக் காதுச் செவிட்டில்தான். கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்தக் குறை குட்டிகளுக்குப் போகலாம். அதைப் பிடிக்க ஒரே வழி, தலையில் மெல்லிய ஊசி முனைகளை வைத்து, ஒலிக்கு மூளை நரம்பு காட்டும் மின் அசைவைப் பதிவு செய்யும் சோதனை. குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதிலிருந்தே செய்யலாம். எங்கே செய்கிறார்கள் என்று ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரி. அது கிடைக்காவிட்டால் விற்பவரிடம் இப்படிக் கேள்: இந்த நாயின் முந்தைய குட்டிகளில் எத்தனை கேட்காமல் பிறந்தன? ஒன்றுமே இல்லை என்று பட்டென்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம்தான். ஒன்றிரண்டு இருந்தது என்று சொல்பவரை நான் அதிகம் நம்புவேன். மூக்கில் கொஞ்சம் கருப்பு, காதோரம் லேசான பழுப்பு உள்ள நாயைச் சந்தையில் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படி ஒரு கடுவன் கிடைத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன்.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. புருசெல்லா கேனிஸ் என்று ஒரு பாக்டீரியா. 1966இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மைக்கேல் என்பவர், குட்டி கலைந்துகொண்டே இருந்த பீகிள் நாய்களிடம் இதைக் கண்டுபிடித்தார். மேட்டிங்கில் பரவும். கலைந்த குட்டியோடு வெளியேறும் திரவத்திலும், சிறுநீரிலும்கூடப் பரவும். பெட்டை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சினையின் 45ஆம் நாள் தாண்டி, பிரசவத்துக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது திடீரென்று எல்லாக் குட்டியும் செத்து விழும். கடுவனுக்கு விதை வீங்கும், பிறகு சுருங்கும், கடைசியில் மலடாகும். சில நாய்களில் ஒன்றுமே தெரியாது. நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் உடம்புக்குள் பதுங்கி மறுபடி வரும். மனிதருக்கும் தொற்றும். அதாவது, சோதிக்காத ஒரு கடுவன் வந்தால் மூத்தவள், சின்னவள், மணி மூன்றோடும் உன் வளர்ப்பு முடிந்தது.

ரத்தச் சோதனை இருக்கிறது. ஆனால் தொற்றியவுடன் சோதனையில் தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் வரச் சில வாரம் ஆகும், சில நாய்களில் மூன்று மாதம்கூட ஆகலாம். ஆகவே அங்கே, வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. இங்கே, மாடி அறைக் காலம் முடியும்போது இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தால்தான் கீழே இறங்க வேண்டும். உன் இரண்டு பெட்டைகளுக்கும் சோதனை எடுத்துவை. நல்ல கடுவன் வைத்திருப்பவர் அதைக் கேட்பார். கேட்காதவரிடம் நீ வாங்காதே.

இன்னொன்று நம் நாட்டில் சர்வசாதாரணம். மேட்டிங்கில் பரவும் கட்டி. இது ஒரு வினோதமான புற்றுநோய். கிருமி பரவுவதில்லை, புற்றுச் செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவி அங்கே வளர்கிறது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க நாய்களில் உயிரோடு இருக்கிறது. ரஷ்யரான நோவின்ஸ்கி 1876இலேயே அதை ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். கிராமத்தில் அவிழ்த்து விட்ட கடுவன் தெருப் பெட்டையோடு ஒரு முறை சேர்ந்தாலே போதும். உறையைப் பின்னுக்குத் தள்ளி, உறுப்பின் அடிவரை டாக்டரைப் பார்க்கச் சொல். காலிஃபிளவர் போன்ற சதை, சொட்டுச் சொட்டாக ரத்தம் இருந்தால் அதுதான். நல்ல செய்தி என்னவென்றால், வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் அந்த மருந்து விந்தையும் பாதிக்கும். எனவே அதுவும் காத்திருக்கும் கணக்குதான்.

உண்ணிக் காய்ச்சல், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல், ரேபிஸ் பற்றி உனக்குத் தெரியும். தடுப்பூசிப் புத்தகத்தை நம்பு, ஆனால் ஸ்டிக்கரையும் தேதியையும் பார்த்து நம்பு.

பயணம். ராஜபாளையத்திலிருந்து மதுரை, சேலம், ஓசூர் வழியாக வண்டியில் வருவதானால் சாயங்காலம் கிளம்பு, விடியும் முன் ஊர் சேரலாம். பகல் வெயிலில் மூடிய வேனில் நாயை ஏற்றாதே. கடுவனுக்கு வெயிலும் காய்ச்சலும் விந்தில் போய்த்தான் உட்காரும். அதன் உடம்பில் விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. வழியில் பட்ட சூட்டின் பலன் உடனே தெரியாது. சில வாரம் கழித்து, மேட்டிங் நடந்தும் பெட்டை சினை பிடிக்காமல் போகும்போதுதான் தெரியும். நாயைக் குறை சொல்வார்கள், தப்பு வேனில் இருந்திருக்கும். இப்போது பார், நோய்க்குக் குறைந்தது இரண்டு மாதம், விந்துக்கும் இரண்டு மாதம். நாய் உன்னை நம்பத் தொடங்கவும் ராஜபாளையத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பிடிக்கும். ஒருவனோடு ஒட்டினால் ஒட்டியதுதான், மற்றவர்களை எளிதில் சேர்த்துக்கொள்ளாது. அந்த ஒருவன் நீயாக இருக்க வேண்டுமானால் சோறு வைப்பதும் நடக்கக் கூட்டிப் போவதும் நீதான். வேலைக்காரப் பையனிடம் விடாதே.

மாடி அறையில் தனித் தட்டு, தனித் துணி, தனிச் செருப்பு. கீழே உள்ளவற்றுக்கு முதலில் சோறு வைத்துவிட்டு மேலே போ, பிறகு கை கழுவு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம் போதுமா என்று பார். தெருவில் ஒரு நாய் போனால் தாவிப் பார்க்கிற இனம் இது.

உறுமல் இல்லாமல் இவர்களைச் சேர்த்துவைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். உறுமல் இல்லாமல் முடியாது. உறுமலோடு நிறுத்த முடியும். இரண்டாவது சோதனையும் சரியென்று வந்த பிறகு வாசனையில் தொடங்கு. மாடியில் படுத்த துணியைக் கீழே போடு, கீழே உள்ளதை மேலே போடு. மோந்து பார்த்துவிட்டு அலட்சியமாகப் போய்ப் படுத்தால் நல்லது. துணியைக் கடித்துக் கிழித்தால் அவசரப்படாதே.

முதல் சந்திப்பு ஒருபோதும் வீட்டுக்குள் வேண்டாம். வீடு மணியுடையது. காக்ஸ் டவுனில் பொதுவான இடம் கிடைப்பதுதான் கஷ்டம். மார்க்கெட் பக்கம் தெருநாய்க் கூட்டம், வீலர் ரோட்டில் வண்டி. அதனால் காலை ஐந்து மணி. நீ கடுவனைப் பிடி, உங்கம்மாவோ தங்கையோ மூத்தவளைப் பிடிக்கட்டும். அசே ரோட்டின் இரண்டு ஓரமாக, ஒரே திசையில், அல்சூர் ஏரிப் பக்கம் நடங்கள். நேருக்கு நேர் கொண்டுவராதே. முகத்தோடு முகம் வைப்பது நாய்களிடையே மரியாதை இல்லை. பக்கவாட்டில் போனால் ஒன்றை ஒன்று பார்த்தும் பார்க்காமலும் பழகும். சில நாள் இப்படி நடந்த பிறகு, இடைவெளியைக் குறை. வால் விறைத்து மேலே நின்றால், உடம்பு கட்டையாகி, கண் சிமிட்டாமல் பார்த்தால், உதட்டோரம் இறுகினால், கயிற்றை இழுக்காமல் வளைந்து திரும்பி நடந்துவிடு. கயிற்றை இறுக்கினால் சண்டைக்கு நீயே மணி அடித்தது மாதிரி. மூத்தவள்தான் முதலில், அவளுக்கு வயசும் பொறுமையும் இருக்கிறது. பிறகு சின்னவள், தனியாக. இரண்டு பெட்டையையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதே. வீட்டுக்குள் சேரும் நாளில் தரையில் எலும்பு, பந்து, சோற்றுத் தட்டு எதுவும் இருக்கக் கூடாது. சோறு எப்போதும் தனித்தனி அறையில்.

மணியைப் பற்றி உனக்குச் சங்கடம் இருக்கும். ஒன்பது வயசு, உன்னோடு வளர்ந்தவன். அவனும் புதியவனும் நண்பர்களாவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கருத்தடை செய்யாத இரண்டு ராஜபாளையக் கடுவன்கள், ஒரே கூரையின் கீழ் இரண்டு பெட்டைகள். அடித்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று பேசுபவர்கள் கால்நடை டாக்டரின் தையல் பில்லைப் பார்த்ததில்லை. மணிக்கும் புதியவனுக்கும் இடையில் எப்போதும் இரண்டு கதவு. ஒருவன் வெளியே இருக்கும்போது மற்றவன் உள்ளே, நேரம் போட்டு மாற்று. மணியின் இடம், மணியின் நேரம், அவனுடைய சாயங்கால வாக்கிங் எதுவும் குறையக் கூடாது. அதையும் மீறிச் சண்டை வந்தால் கையை நடுவில் விடாதே. பக்கெட் தண்ணீர், நாற்காலி, பலகை ஏதாவது ஒன்று வாசலோரம் தயாராக இருக்கட்டும். வீட்டில் பெட்டை ஹீட்டில் இருக்கும் மூன்று வாரமும் இந்தக் காவல் இரட்டிப்பாக வேண்டும். அடுத்த மாசம் சின்னவளிடமிருந்து மணியைப் பிரித்து வை. அவள் மகள் என்பது அவனுக்குத் தெரியாது. குட்டி போட்ட தாய் வீட்டில் இருந்தால் புதிய கடுவனை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே.

சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்கு இன்னும் ஒன்றரை வயசு ஆகவில்லை. 18 மாதத்துக்குக் குறைந்த பெட்டையை மேட்டிங்குக்கு விடக் கூடாது என்று அதே 2017 விதி சொல்கிறது. எட்டு வயசுக்கு மேலும் கூடாது. ஆக இந்த ஹீட்டை விடுவதில் நீ எதையும் இழக்கவில்லை. புதியவனுக்கு இதுதான் முதல் மேட்டிங் என்றால் அனுபவமுள்ள மூத்தவளோடு தொடங்குவது நல்லது. சின்னவள் மிரண்டு கடித்துவிட்டால் கடுவன் அடுத்த முறை தயங்கும். நாள் பார்க்க ரத்தம் கண்ட நாட்களை எண்ணாதே, சிலருக்கு ஒன்பதாம் நாள், சிலருக்குப் பதினைந்தாம் நாள். புரோஜெஸ்ட்ரோன் ரத்தச் சோதனை எடு. அளவு ஐந்து நானோகிராமை ஒட்டி வரும்போது முட்டை வெளியேறும், அதிலிருந்து இரண்டு நாள் கழித்துத்தான் முதிரும். அந்த இரண்டாம் நாளும், நாலாம் நாளும் விடு. பின்னிக்கொண்டு நின்றால் அரை மணி ஆனாலும் பிரிக்காதே, பக்கத்தில் அமைதியாக நின்றால் போதும். முட்டை வெளியேறிய நாளிலிருந்து 63 நாளில் குட்டி.

குட்டி விற்பதாக இருந்தால் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். மாநகராட்சி நாய் உரிமம் தனி. எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கொடுக்கக் கூடாது. கூடவே பக்கத்து வீடுகள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று சுற்றறிக்கை விட்டது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ராஜபாளையம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் காம்பவுண்டுக்கு அப்பால் இருப்பவர்கள் பட்டியல் பார்த்துப் பயப்படுவதில்லை. மூன்றோடு நாலாவது சேரும் முன்பு நீயே போய்ச் சொல்லிவிடு. மாடியில் இரவு குரைப்பு முதல் வாரம் நிச்சயம் இருக்கும்.

அட்வான்ஸ் இப்போது கொடுக்காதே. தாத்தா பாட்டி வரிசைத் தாளையும், புருசெல்லா முடிவையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நடை போய் நாயையும் அதன் குட்டிகள் ஒன்றிரண்டையும் பார்த்துவிட்டு வருகிறேன். வேறு ஆள் காத்திருக்கிறார் என்று விற்பவர் சொன்னால் அவருக்கே கொடுக்கச் சொல்.

மாடி அறையைக் காலி செய்ய உங்கம்மாவிடம் கேட்டாயா? அவள் அரிசி மூட்டையும் வடகமும் அங்கேதான் வைத்திருக்கிறாள். போன வாரம் போனில் பேசியபோது நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளிடம் கேட்காமல் கொண்டுவந்தால் நான் உன் பக்கம் பேச மாட்டேன்.

அன்புடன்,
மாமா